சிம் மாற்றிய பிறகு வந்த முதல் அழைப்பு

ஆஃபருக்கு ஆசைப்பட்டுப் போன வாரம்தான் வேறு நெட்வொர்க்குக்கு மாறினேன்.

இன்று தென்காசியில் இருந்து அச்சன்புதூருக்குப் பஸ்ஸில் வரும்போது, ராணுவத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "இன்னைக்கு மலை மேல போஸ்ட்டுக்குப் போறோம். அங்கன போன் கிடையாது. வர ஒரு மாசம்..."

அதோடு டவர் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் போகவில்லை. கண் கலங்கிவிட்டது.

பக்கத்து சீட்டில் குற்றாலத்தில் லாட்ஜ் வேலை முடித்து வரும் ஒரு பெண். "எக்கா, இந்தாங்க, என் போன்ல பேசுங்க" என்று நீட்டினாள்.

உடனே லைன் கிடைத்தது. எங்கள் பாப்பா நேற்று முதல்முறையாகத் தனியாக நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. என்னோடு அவளும் இறங்கினாள்.

"நீங்க பேசுங்கக்கா. நான் அடுத்த பஸ்ல போயிக்கிடுதேன்."

சாரலில் நனைந்தபடி, எங்கள் பேச்சு காதில் விழாத தூரத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் சிரித்தது, பாப்பாவைக் கேட்டது எல்லாம் அவள் புண்ணியம்.

மறுபடி நெட்வொர்க் மாற மூன்று மாதம் ஆகுமாம். அச்சன்புதூர்க்காரர்களே, அதுவரை எந்த மொட்டைமாடியில் ஏறினால் டவர் கிடைக்கும்?