கேள்வி கேட்கிற தெரு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். எங்கள் செஞ்சியில் அந்த நாட்களில் வெயில் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் பாறை மலை. சாயங்காலம் ஆன பிறகும் சுவரைத் தொட்டால் சுடும். அந்த வெயிலில்தான் இது நடந்தது.

நான் வீடு, மனை புரோக்கர். செஞ்சியில் பிறந்து, செஞ்சியிலேயே தொழில் செய்கிறவன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். வீட்டு புரோக்கரும் அந்த ஜாதிதான் என்று பலருக்கு நினைப்பு. நான் அப்படி இல்லை. வேறு வழியே இல்லாதபோது ஒன்றிரண்டு சொல்வேன், அவ்வளவுதான்.

கோட்டைக்குப் போகிற பக்கம் ஒரு தெருவில் நல்ல வீடு ஒன்று காலியாக இருந்தது. போர் தண்ணீர் உண்டு, காற்றோட்டம் உண்டு. மொட்டைமாடியில் ஏறினால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை தெருவில் இருந்தது. அந்தத் தெருப் பெண்களுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. புது ஆள் தெருவில் கால் வைத்தால் போதும், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மாமியார் கூட இருக்கிறாளா, என்ன சம்பளம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்து, கேட்கக் கூடாததையும் கேட்டுவிடுவார்கள். அதற்கு முந்தின மாதம்தான் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி, இன்னும் ஏன் குழந்தை இல்லை என்று கேட்கப்பட்டு, பூட்டைத் திறந்து உள்ளே கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்கள்.

அப்போதுதான் ஒரு டீச்சர் போன் செய்தார். அவலூர்பேட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருகிறாராம். செஞ்சியில் வீடு பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போய்வர நினைக்கிறார். வேறு புரோக்கர்கள் காட்டிய வீடுகள் எதுவும் அமையவில்லை. பள்ளி திறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் வேலையில் சேர முடியாது, சம்பளமில்லா விடுப்புதான் என்றார். குரலில் அழுகை ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்று கேட்டார்.

“அக்கம்பக்கம் எப்படி சார்?”

நகரத்துப் பெண், தொந்தரவு இல்லாத இடம் தேடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். “உங்க பக்கம் யாரும் தலையே திருப்ப மாட்டாங்கம்மா” என்று அடித்துச் சொன்னேன். சரி, நாளைக்கு வருகிறேன் என்று சுரத்தில்லாமல் சொல்லி வைத்துவிட்டார்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு வீடாக ஏறி, நாளைக்கு ஒரு டீச்சர் வருவார், யாரும் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். காலி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் தெருமுனையில் காலையில் இட்லி சுட்டு விற்கிற அக்கா. அந்தத் தெருவின் கேள்விகளுக்கெல்லாம் தலைவி அவர்தான்.

“வாயத் தொறக்கவே கூடாதா? கொட்டாவி வந்தா இன்னாண்ணா பண்றது?” என்றார்.

“கைய வச்சி மூடிக்கோமா” என்றேன்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடிக் காட்டினேன். மறுநாள் டீச்சரோடு அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கே ஆச்சரியம். கதவெல்லாம் சாத்தியிருந்தது. டிவி சத்தம் கூட இல்லை. குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். வந்த வாடகைக் காரை ஏன் தெருமுனை வேப்பமரத்தடியிலேயே நிறுத்தச் சொன்னார், வீட்டு வாசலுக்கே வந்திருக்கலாமே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

டீச்சர் வீட்டை சரியாகப் பார்க்கவில்லை. சமையலறை மேடையைக் காட்டினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். மாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டினால் கீழே தெருவைப் பார்க்கிறார். இறங்கி வந்ததும், தாகமாக இருக்கிறது என்று அவராகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குனிந்த தலை நிமிரவில்லை. குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். எனக்குக் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றினார் மகராசி.

“இந்தத் தெருவில யாரும் பேச மாட்டாங்களா சார்?”

“பேசவே மாட்டாங்கம்மா. பக்கத்து வீட்டுல இடி விழுந்தாலும் எட்டிப் பாக்க மாட்டாங்க” என்றேன், பெருமையாக.

டீச்சரின் முகம் செத்துப்போயிற்று. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

தெருமுனைக்கு வந்தால் காரைச் சுற்றிக் கூட்டம். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் இருப்பார்கள் என்று நான் நினைத்த பெண்கள் எல்லோரும் பின்பக்கத் தோட்டத்து வழியாக இங்கே வந்திருக்கிறார்கள். காரின் பின் சீட்டில் ஒரு வயதான அம்மா. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இட்லிக்கடை அக்கா காருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு எந்த வேகத்தில் வந்தாரோ தெரியவில்லை.

நான் முறைத்தேன். அக்கா அசரவில்லை.

“டீச்சராண்ட பேசக் கூடாதுன்னுதான சொன்ன? இந்தம்மாவாண்ட பேசக் கூடாதுன்னு சொல்லலியே. வெயில்ல உக்காந்துகினு இருக்காங்க, தண்ணி வோணுமான்னு கூடக் கேக்காம எப்பிடிண்ணா போறது?”

அந்த அம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. ஆனால் அதற்குள் இவர்கள் பாதி ஜாதகத்தை வாங்கிவிட்டிருந்தார்கள். ஆமாம் என்றால் தலையாட்டு, இல்லை என்றால் கையாட்டு என்று சொல்லி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பெண், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், சர்க்கரை உண்டு, காலையிலிருந்து பிஸ்கட் தவிர எதுவும் சாப்பிடவில்லை. எல்லாம் தெரிந்திருந்தது. அந்த அம்மா கோணல் வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். உடம்பு முடியாத அம்மா இருக்கிறார் என்று சொன்னால் யாரும் வீடு தருவதில்லையாம். அதனால்தான் சொல்லாமல் வந்திருக்கிறார். முன்பு இருந்த அடுக்குமாடி வீட்டில், அவர் பள்ளிக்குப் போயிருந்தபோது அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாராம். சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. அடுத்தவர் விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று இருந்துவிட்டார்களாம்.

அக்கம்பக்கம் எப்படி என்று அவர் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் தொந்தரவு செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்.

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான். ராத்திரி இருமினாக்கூட கேக்கும். நீ ஏன் டீச்சர் அழுவுற?” என்றார் அக்கா. பேசாமல் இருந்த நேரத்துக்கெல்லாம் சேர்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தீங்க, எண்ணெய் தேய்க்கிறீங்களா, வீட்டுக்காரர் எங்கே இருக்கார். டீச்சர் அழுதுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் தெளிந்தது.

ஆனால் வீட்டின் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. அவர் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கிறார். நோயாளி வேண்டாம் என்று என்னிடம் முதலிலேயே சொன்னவர். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். அந்த உச்சி வெயிலில், எனக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் கடைத்தெருவுக்கு நடந்தார்கள். வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடை வாசலில் இப்படி ஒரு கூட்டம் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது?

வீட்டுச் சொந்தக்காரர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார். “நாளைக்கு வீட்டுல ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா, அப்புறம் யாரு குடிவருவாங்க?”

“ஒண்ணும் ஆவாதவங்க யாருங்க இருக்காங்க? உங்க நைனா போனப்ப நாங்கதான வந்து நின்னோம். அந்தம்மாவுக்கும் நிப்போம்” என்றார் அக்கா.

அவர் பருப்பைப் பொட்டலம் கட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்தாச்சா என்று கேட்டார். இத்தனை காலம் தொழில் செய்திருக்கிறேன், ஒரு வாடகை வீட்டுக்காக ஒரு தெருவே நடந்துபோய்ப் பேசி நான் பார்த்ததில்லை.

டீச்சர் குடிவந்தார். தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வழியாகப் போகிறவர்கள் ஜன்னலில் நின்று, “சாப்டியாம்மா?” என்று கேட்பார்கள். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அந்த அம்மா டம்ளரால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். அதுதான் பதில். மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் கேட்டவருக்குத் தட்டுகிற சத்தம் வரவில்லை. சாவி போட்டுத் திறந்து பார்த்தால் அம்மா கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டிருந்தது. டீச்சரின் பஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். செய்தி கேட்டு நான் போனபோது, அம்மா கண் விழித்துப் படுத்திருந்தார். ராத்திரி யார் துணைக்கு இருப்பது என்று கட்டிலைச் சுற்றிப் பெரிய சண்டை. நர்ஸ் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் டீச்சருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைக்கிற வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார். என்னைத் தேடி வந்தபோது, காலி செய்கிற விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தத் தெருவிலேயே சின்னதாக ஒரு வீடு விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்றார்.

அன்றிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தெருவில் ஒருவரும் விற்க மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் கூட ஒரு வீட்டில் கேட்டதற்கு, “வித்துட்டு எங்கண்ணா போறது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். புரோக்கர் என்கிற முறையில் எனக்கு அது நஷ்டம்தான், ஆனால் செஞ்சிக்காரன் என்கிற முறையில் அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.