நாலு மணிக்கு ஏறும் முள்

விமானப்படையில் பன்னிரண்டு வருடம் மீட்டர்களைப் பழுது பார்த்தவன் நான். விமானத்தில் ஏறிப் பறந்தது மொத்தம் இரண்டே தடவை. இரண்டு தடவையும் வாந்தி. எழுபதுகளின் கடைசியில் ஊர் திரும்பி, கப்பலூரில் பாய்லர் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்லூரில் ஒரு காயலான் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தக் கடைக்காரர் ராணுவ ஏலத்தில் பழைய விமானச் சாமான்களைக் குவியலாக எடுத்து வருவார். விமானி உட்காரும் இடத்தை அப்படியே பெயர்த்துக் கொட்டியது போல் மீட்டர்களும் பிடிகளும் சுவிட்சுகளும் கிடக்கும். எதில் பித்தளை, எதில் அலுமினியம் என்பது அவர் கவலை. எது எந்த விமானத்தில் என்ன வேலை பார்த்தது என்பது என் கவலை. "அண்ணே, இது கடியாரமா?" என்று நீட்டுவார். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பின்னால் ஒரு குழாய்வாய் இருந்தால் உயரம் காட்டுவது, இரண்டு இருந்தால் வேகம் காட்டுவது. உயரம் அடிக் கணக்கில் எழுதியிருந்தால் வெள்ளைக்காரன் செய்தது, மீட்டர் கணக்கில் இருந்தால் ரஷ்யாக்காரன் செய்தது. இருட்டில் ஒளிரும் மருந்து பூசிய மீட்டரை அவர் சுரண்டப் போனால், விஷம் என்று கத்துவேன். "சாமான் என்னுது, சத்தம் மட்டும் ஒங்களுதாண்ணே" என்று சிரிப்பார்.

அங்கேதான் ஒரு ஞாயிறு அந்தப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே நிலம் வைத்திருந்த சம்சாரி. அவருடைய ஒரே மகன் விமானி. எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த சண்டையில் எடுத்துப் போன விமானம் திரும்பவில்லை. காணவில்லை என்று முதலில் தந்தி வந்ததாம். இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பிறகு கடிதமும் வந்ததாம்.

"அவன் ஓட்டுன விமானத்துச் சாமான் ஏதும் இதுல வந்திருக்கா தம்பி?"

மகன் ஓட்டியது ரஷ்ய விமானம். குவியலில் கிடந்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பயிற்சி விமானங்களின் சாமான். இல்லை என்றேன். அடுத்த ஞாயிறும் வந்தார், இல்லை என்றேன். மூன்றாவது ஞாயிறு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிடைத்தால் மட்டும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் உடுத்தியதையோ புழங்கியதையோ குழியில் வைத்துக் காரியம் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். "துணியக் கேட்டா அவன் பொட்டி மேல ஏறி உக்காந்துக்கிறா அவங்காத்தா. உசுரோட இருக்கான், வந்துருவான்னு ஒரே பேச்சு. மகளுக்கு இருவத்தாறு ஆகுது. அண்ணன் வராம அவளுக்குக் கல்யாணம் இல்லங்கிறா ஆத்தாகாரி. கேட்டு வந்தவுக எல்லாம் போயிட்டாக." குவியலைக் கையால் காட்டினார். "எதையாவது ஒண்ணக் குடுங்க. அவன் விமானத்துதுன்னு நீங்க சொன்னா நம்புவா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாக. நான் ஒரு பொய்தான கேக்குறேன்."

உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணாடி உடைந்து, முள் இறுகிப்போய்க் கிடந்தது. அதை அப்படியே கொடுத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஓடாத மீட்டரைக் கொடுத்துப் பழகாத கை என் கை. பிரித்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, கண்ணாடி மாற்றினேன். ரப்பர் குழாயைச் சொருகி வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். முள் கிடுகிடுவென்று ஏறி இறங்கியது. சபாஷ் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியப்போவது தெரியாமல்.

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போனேன். விழுந்த விமானம் காட்டுக்குள் கிடைத்தது, அதிலிருந்து வந்தது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. வாங்கி முந்தானையால் துடைத்தார். "இது என்ன காட்டும் தம்பி?" என்று கேட்டார். நான் பெரிய வாத்தியார் மாதிரி திருகைத் திருப்பி முள்ளைச் சைபரில் நிறுத்தி, "இதுதான் தரை. மேல போனா முள் ஏறும்மா" என்றேன். காரியம் வரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்று மகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலாம் நாள் பெரியவர் கப்பலூருக்கே ஓடி வந்தார். "தம்பி, அது நகருது."

நகராமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் காற்றின் அழுத்தம் காலை பத்து மணிக்குக் கூடி, மாலை நாலு மணிக்குக் குறையும். குறையக் குறைய முள் ஏறும். தினமும் நூறு அடி. இதைப் பன்னிரண்டு வருடம் பார்த்தவனுக்கு அன்றைக்கு மட்டும் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

நான் போனபோது அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "காலையில தரைக்கு வந்துர்றான். நாலு மணிக்கெல்லாம் பனைமரத்துக்கு மேல போயிர்றான். உசுரோட இல்லாதவனா ஏறி எறங்குறான்? காரியமாம்ல காரியம்!"

"அது காத்தும்மா. வெயில்ல காத்தோட கனம் கொறையும், அதான் முள் ஏறுது."

"காத்துலதான தம்பி அவன் போறான்."

வாசலுக்கு வந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிப்பாட்டிருங்க தம்பி." உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி மீட்டரை வாங்கிக்கொண்டு கிணற்றடி மோட்டார் அறைக்குப் போனேன். ஆல்டிமீட்டருக்குள் காற்றை எடுத்துவிட்டு மூடிய மெல்லிய சிமிழ் ஒன்று உண்டு. அதுதான் அதன் உயிர். சாக்கு தைக்கும் ஊசியால் அதில் ஒரு குத்துக் குத்தினேன். சிமிழ் உப்பியது. முள் சுற்றியது, பனைமரத்தைத் தாண்டி, நாகமலையைத் தாண்டி, சுற்றிச் சுற்றி மேலே போய், காட்டுவதற்கு உயரம் இல்லாத இடத்தில் நின்றது. முள்ளைக் கழற்றிச் சைபரில் வைத்து அழுத்தினேன். உள்ளே கொண்டுபோய்ப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

அந்த அம்மா மூன்று நாள் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் நாலு மணி தாண்டியதும், யாரும் கேட்காமலே எழுந்து மகன் பெட்டியைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். வயல் ஓரத்துக் குழியில் சட்டைகளின் மேல் மீட்டரை வைத்து மண் தள்ளினார்கள். பொய்க்கு விழுந்த மண் அது. ஆனால் பெரியவர் நெஞ்சிலடித்து அழுத அழுகை பொய் இல்லை. அந்த வருடமே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. காரியம் முடிந்து கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. மகனைக் கடைசியாகப் பார்த்தவனிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"நீங்க கையில வாங்கிட்டுப் போகயில அது ஓடிக்கிட்டுதான தம்பி இருந்துச்சு?"

"ஆமாம்மா" என்றேன்.