மஞ்சள் வைத்த நத்தார் மரம்

சென்ற வாரம் கால்மணி நேரத்துக்கு நான் விதவையாக இருந்தேன்.

பதறாதீர்கள். என் கணவர் நலமாகத்தான் இருக்கிறார். இதை எழுதும்போதுகூட பக்கத்து அறையில் உட்கார்ந்து தேநீரில் சாயம் போதாது என்று முணுமுணுக்கிறார். (தேயிலை ஆலையில் தூளுக்குப் பக்குவம் பார்க்கும் ஒரு டீமேக்கருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிய மனைவி இலங்கையில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.) ஆனால் டிசம்பர் இருபத்து நான்காம் தேதி காலையில், தலவாக்கலை ரோட்டில் போன பாதிப் பேரின் கணக்கில் அவர் இறந்துவிட்டார்.

கொன்றது நான்தான். ஒரு கலர் ஸ்கீமை வைத்து!

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. தகரக் கூரை. நாற்பது குடும்பம். மாதம் ஒரு பூசை. நத்தார் வந்தால் — கிறிஸ்துமஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் — கோயில் வாசலில் மரம் வைப்பது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது.

போன வருஷத்து மரத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. உலகத்தில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையும் அதில் இருந்தன. டொஃபிக் காகிதம், ஊதா ரிப்பன், ஆரஞ்சு பலூன், யாரோ கொண்டுவந்து கட்டிய பச்சை மணிச்சரம்... பார்க்க வந்த துரைசாணி, அதாவது எங்கள் மனேஜர் துரையின் மனைவி, வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டே சொல் சொன்னார்.

"வெரி... சியர்ஃபுல்."

அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்ததே, அது என்னை ஒரு வருஷம் நிம்மதியாக இருக்க விடவில்லை.

ஆகவே இந்த வருஷம் சபதம் எடுத்தேன். துரைசாணி படித்துவிட்டுத் தந்த இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் படத்தோடு போட்டிருந்தார்கள்: ஒரு மரம் என்றால் அதற்கு ஒரு கலர் ஸ்கீம் வேண்டும். படத்து மரம் முழுக்க வெள்ளை, இடையிடையே வெள்ளி. பார்த்தவுடன் மயங்கிப்போனேன். இதுதான்! வெள்ளையும் வெள்ளியும். வேறொன்றும் கிடையாது.

வெள்ளிக்குக் கஷ்டமில்லை. தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கணவர் தன் தேயிலை ஆலை ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தார். வெள்ளைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. அன்னம்மாளிடம் போனேன்.

அன்னம்மாள் மேல் லயத்துக்காரி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். கொழுந்து எடுப்பவள். வயது முப்பதைத் தொடவில்லை. காகிதத்தில் பூச் செய்ய அவளை விட்டால் தோட்டத்தில் ஆளில்லை. எந்தக் கல்யாணப் பந்தலிலும் அவள் பூதான் தொங்கும். தொங்கியது என்று சொல்ல வேண்டும். போன மாசியில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அவளுக்கு வெள்ளைச் சேலை. நல்ல காரியம் எதற்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான்... ஆனால் லயத்தில் சில விஷயங்களுக்கு மதம் கிடையாது.

சீர்திருத்த எண்ணத்தோடு அவள் வீட்டுப் படியேறினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் எழுதக் கூடாது. எனக்குப் பூ வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"நான் செய்யலாமாம்மா?" என்றாள்.

"ஏன், கையில ஏதும் காயமா?" என்று கேட்டேன்.

அவள் நான் நீட்டிய காகிதக் கட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் கலர் ஸ்கீமை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"பனி விழுந்த மாதிரி இருக்கணும் அன்னம்மா."

"பனியா? பனி விழுந்தா கொழுந்தெல்லாம் கருகிப் போயிடுமேம்மா. அதையா மரத்துல கட்டப் போறீங்க?"

"சீமையில அப்படித்தான். வெள்ளையாப் பூ செஞ்சுடு. வெள்ளையைத் தவிர வேற நிறம் கண்ணுல படக் கூடாது."

தலையாட்டினாள்.

இருபத்து மூன்றாம் தேதி பிற்பகல் ஒரு கொழுந்துக் கூடை நிறையப் பூவோடு வந்து நின்றாள். கூடைக்குள் பார்த்தேன். அடடா, என்ன பூ! ஐந்தாறு இதழ், லேசாக உள்ளே குவிந்து... அப்படியே தேயிலைப் பூ. தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடியில் பூக்குமே, அதே பூ. அசலில் இருப்பதுபோலவே நடுவில் ஒரு பஞ்சுருண்டை. அந்தப் பஞ்சுருண்டை...

மஞ்சள்!

ஒன்று இரண்டல்ல. கூடையில் இருந்த ஒவ்வொரு பூவுக்கும்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? "நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்கே?"

"தேயிலைப் பூ அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாற்றிச் செய்ய நேரமில்லை. சைப்ரஸ் மரத்தை வெட்டிக் கொண்டுவந்து வாசலில் நட்டாகிவிட்டது. ஆனால் நான் லேசில் தோற்கிற ஆளா? மூளையைக் கசக்கினேன். ஒவ்வொரு பூவையும் முகம் உள்ளே, முதுகு வெளியே வருமாறு திருப்பிக் கட்டினேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அன்னம்மாளும் கூடவே நின்று, நான் சொன்னபடியே திருப்பித் திருப்பிக் கட்டினாள்.

தள்ளி நின்று பார்த்தேன். பத்திரிகையில் பார்த்த மரம்! வெள்ளை, வெள்ளி, வெள்ளை, வெள்ளி. இத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். மிச்சமிருந்த வெள்ளைக் காகிதத்தைக் கொடியாக வெட்டி, ரோட்டிலிருந்து எங்கள் குவாட்டர்ஸ் வழியாகக் கோயில் வாசல் வரைக்கும் கயிற்றில் கட்டிவிட்டேன்.

வாசகர்களே, இப்போது சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்த நாட்டில் ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அது சாவு வீடு என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தலைக்குள் கலர் ஸ்கீம் புகுந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறதே, என்ன செய்ய?

மறுநாள் காலை எட்டு மணி. கதவைத் திறந்தால் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். முகம் தொங்கியிருந்தது.

"கவலைப்பட வேணாம் நோனா" என்றார். "எல்லாருக்கும் ஒரு நாள் போக வேணும்தானே."

எங்கே போக வேண்டும்? ஒன்றும் புரியவில்லை. நாற்காலி போட்டேன். அதற்குள் அடுத்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே... பரிதாபம் பாதி, என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொள்ளும் எச்சரிக்கை பாதி. என் வீட்டு முற்றத்தில் எனக்கே கூச்சமாக இருந்தது.

"டீமேக்கர் மாத்தயா நல்ல மனுசன்தானே" என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எப்பிடி நடந்த?"

அப்போதுதான் குளியலறையிலிருந்து தோளில் துண்டோடு வெளியே வந்தார், இறந்தவர்.

"யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"அனே!" என்று முதலாளி நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார்.

அவர்களுக்கெல்லாம் தேநீரும் கேக்கும் கொடுத்துச் சிரித்துச் சமாளித்து அனுப்பினோம். ஸ்கீம் கெட்டுவிடும் என்று கொடிகளை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. என் கணவர் அன்று முழுக்க மிக்க மகிழ்ச்சியாக இருந்தார். தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடு இருந்து கேட்டதில்லை.

ஆனால் மத்தியானம் சிரிப்பு நின்றது.

அரை நாள் வேலை முடிந்து பெண்கள் மலையிலிருந்து இறங்கி நேராகக் கோயிலுக்கு வந்தார்கள். முன்னால் ராசம்மாள், பெரிய கங்காணியின் மனைவி. அவர் குரல் கொடுத்தால் மூன்று மலைக்குக் கேட்கும்.

"டீமேக்கரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதைப் பிரிச்சிடுங்க. நல்ல நாளும் அதுவுமா எழவு வீடு மாதிரி வெள்ளையைக் கட்டி வச்சிருக்கீங்களே!"

"மாதாவுக்கு வெள்ளைதானே ராசம்மா உடுத்துறோம்?"

"மாதா வேற, மரம் வேற. அதுவும் இது யாரு கையால செஞ்ச பூவு?"

அன்னம்மாள் மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் உபதேசியார் யாழ்ப்பாணத்துக்காரர், சண்டை என்றால் ஆகாது. "ஏன் வீண் பிரச்சினை? உதைக் கழட்டிப்போட்டு வேற கலரில கட்டுவம். துரைசாணி வாற நாலு மணிக்கு முதல் முடிச்சிடலாம்" என்றார்.

யாரும் சொல்வதற்கு முன்னால் அன்னம்மாளே கையை நீட்டி முதல் பூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அழவில்லை. சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக, கசங்காமல் கழற்றிக் கூடையில் போட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கால்மணி நேரம் நான் தாங்க முடியாமல் நெளிந்தேனே, அந்தப் பார்வை... இவள் பத்து மாதமாக அதற்குள் குடியிருக்கிறாள்! பத்து மாதத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு இவளை ஒருத்தி கூப்பிட்டாள். அந்த ஒருத்தியும் பூவைத் திருப்பிக் கட்டச் சொன்னாள். இப்போது அதுவும் கூடைக்குத் திரும்பப் போகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"கழட்டாதே அன்னம்மா!" என்று கத்தினேன். "துரைசாணி பார்த்தாலும் சரி, பார்க்காட்டியும் சரி. இந்த மரம் இப்படியேதான் நிக்கும்."

"நிக்காதும்மா" என்றார் ராசம்மாள். சொல்லிவிட்டுத் தானே ஒரு பூவைப் பிடித்து இழுத்தார்.

பூ கையோடு வந்தது. முகம் திரும்பியது. ராசம்மாள் அதையே பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"மஞ்சளா இது?"

"ஆமாக்கா" என்றாள் அன்னம்மாள்.

"எல்லாப் பூவுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"உன் கையாலயா அரைச்சு வச்சே?"

அன்னம்மாள் சொன்னாள்: "வெறும் வெள்ளையா விட மனசு வரலக்கா. நான்தான் வெறும் வெள்ளையா நிக்கிறேன். நல்ல நாளுல மரமும் அப்படி நிக்கணுமா?"

எங்கள் தோட்டத்தில் புது வேட்டி, புதுச் சேலை எதுவானாலும் ஓரத்தில் ஒரு விரல் மஞ்சள் தடவாமல் உடுத்த மாட்டார்கள். வெள்ளைத் துணிக்கு அது கட்டாயம். மஞ்சள் பட்ட வெள்ளை என்றால் கல்யாணம், காட்சி. மஞ்சள் படாத வெள்ளைதான் மற்றது. இதை மறந்தவள் நான் ஒருத்திதான்.

ராசம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு அழகா மஞ்ச வச்சுக் குடுத்திருக்கா. இதை எதுக்கு உள்ள திருப்பிக் கட்டினீங்க?"

"...கலர் ஸ்கீம்" என்றேன்.

"அது யாரு?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "ஏய், பார்த்துக்கிட்டு நிக்காதீங்க! ஆளுக்கொரு பக்கம் திருப்புங்க!" என்றார். முப்பது பெண்கள்! கொழுந்து பறிக்கிற கைகளின் வேகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நானும் அன்னம்மாளும் ஒரு பொழுது முழுக்கக் கட்டியதை அவர்கள் கால்மணியில் திருப்பிவிட்டார்கள். மரம் முழுக்கத் தேயிலைப் பூ பூத்தது. வெள்ளைக்கு நடுவே மஞ்சள் மின்ன, ஈயத்தாள்கூடப் பொன் மாதிரி தெரிந்தது.

கொடிகளை என்ன செய்வது? ராசம்மாள் வீட்டிலிருந்து ஒரு சட்டி மஞ்சள் அரைத்து வந்தது. கோயிலிலிருந்து ரோடு வரை ஒவ்வொரு கொடியின் மூலையிலும் ஒரு விரல். முடிந்தது! எழவு வீடு திருவிழா வீடாகிவிட்டது. மூன்றரை மணிக்கு இறங்கி வந்த தலவாக்கலை பஸ், கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. பிறகு வளைவு தாண்டும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். நானும்தான்.

நாலு மணிக்குத் துரைசாணி வந்தார். மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மறுபடியும் ஒரு முறை. "வைட் அண்ட் கோல்ட்! இந்த ஸ்கீம் யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், என் வாய் திறந்துவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்த வாய் அல்லவா? நல்லவேளை, கை முந்திக்கொண்டது. அது அன்னம்மாளைக் காட்டியது. துரைசாணி போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்னம்மாளின் பத்து விரலும் மஞ்சள். துரைசாணியின் வெள்ளைக் கையுறையிலும் அது ஒட்டிக்கொண்டது.

நத்தார் காலையில் பூசைக்கு அன்னம்மாள் புதுச் சேலை உடுத்தி வந்தாள். வெள்ளைதான். ஆனால் முந்தானை ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், பெருவிரல் அகலத்துக்கு மஞ்சள். வழக்கமாகக் கடைசியில் நிற்பவள், நடுவரிசையில் ராசம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்ததும் நான் ராசம்மாளின் காதருகே போய், "யாரு வச்சது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பீடத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "நான்தான். நேத்து அரைச்சதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வீணாத்தானே போகும்?"

எங்கள் தோட்டத்தில் நாங்கள் எதையும் வீணாக்குவதில்லை.