ஒன்றரை மணி நேரத்துச் சிங்கப்பூர்

அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள் ஒரு விமான டிக்கெட் நான்காக மடித்து இருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி முதல்முறை போய்வந்த டிக்கெட் அது. திருச்சியில் காலை பத்தரைக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் மாலை ஐந்து. அங்கே காலை ஆறுக்குக் கிளம்பினால் திருச்சியில் ஏழரை. அப்பா விரல்விட்டு எண்ணினார். போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை. "போறப்ப நம்ம அரிசி, வடகம், ஊறுகாய்னு பாரம் ஏத்திக்கிட்டுப் போவுது. வர்றப்ப லேசு" என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார்.

அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, போனாலும் வந்தாலும் நாலு மணி நேரம்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அச்சடிச்சதே தப்புங்கிறியா?" என்றார். விட்டுவிட்டேன். நன்னிலத்திலிருந்து திருச்சிக்குக் காரில் போகவே மூன்று மணி நேரம் ஆகிறது. மகன் திருச்சியைவிடப் பக்கத்தில் இருக்கிறான் என்று ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்கினால் எனக்கென்ன போயிற்று?

என்ன போயிற்று என்பது என் மகளின் காதுகுத்தில் தெரிந்தது. தாய்மாமன் என் தம்பி; அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முகூர்த்தம் பன்னிரண்டு மணிவரை. பஞ்சாங்கம் பார்க்காமல் நாற்றங்காலில் விதைகூட விடாதவர் அப்பா. அன்று பார்த்துச் சிங்கப்பூரில் மழை, விமானம் தாமதம். நம் நேரம் காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்து, இப்போதுதான் ஏறுகிறேன் என்றான். "எட்டரைக்கு எறங்கிடுவான், பதினொன்றரைக்கு இங்க இருப்பான்" என்று அப்பா கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கு முன்னால் அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவரைத் திருத்த வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

பன்னிரண்டு நெருங்கியது. காது குத்த வந்த ஆசாரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமனார், "நேரம் போவுது சம்பந்தி. என் சின்ன மவன் மடியில வச்சுக் குத்திடலாமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நெசத்தைச் சொல்லும்மா. எப்ப வருவான்?"

சொன்னேன். "நாலு மணி நேரமா!" என்றார். இத்தனை வருஷமும் மகன் அவ்வளவு தூரத்தில் இருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அழுதுவிட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு எல்லோரிடமும் போனார். "சாப்பிட்டுட்டு இருங்க. அவன் வர்ற நேரம்தான் இன்னிக்கு நல்ல நேரம்."

இரண்டேகாலுக்குத் தம்பி வேர்க்க வேர்க்க ஓடி வந்தான். மகள் அவன் மடியில் உட்கார்ந்து கோயிலே அதிர அழுதாள்.

அப்பா இப்போது இல்லை. அன்று அழுத மகளும் சிங்கப்பூரில்தான் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வருகிறாள். போனுக்கு அனுப்பிய டிக்கெட்டை அச்செடுத்து, அப்பாவுடையதோடு சேர்த்து அதே பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எத்தனை மணி நேரமாம் என்று கேட்டார்.

"ஒன்றரை மணி நேரம்தாங்க" என்றேன்.