கோஷா வீட்டுச் சோதனை

ஆம்பூரில் ஹலீமா பீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் பிரசவம் பார்த்தவள். பெண்கள் திரைக்குள்ளேயே இருக்கும் தோல் வியாபாரிகளின் கோஷா வீடுகளில் சொந்தக் கொழுந்தன்கூடக் கனைத்துவிட்டுத்தான் கால் வைப்பான். அவள் மட்டும் நேரே பெண்கள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்காருவாள். பெண்கள் அவளைக் காலா, அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டார்கள். புருஷனிடம் சொல்லாததை அவளிடம் சொன்னார்கள். ஒரு வீட்டுப் பேச்சை அடுத்த வீட்டுக்கு அவள் கொண்டுபோனதில்லை. நகை நட்டு எதுவும் இல்லாதவளுக்கு அந்தத் திறந்த கதவுகள்தான் சொத்து. அந்தச் சொத்துக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

முப்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், ரயில்வே ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் குண்டு வெடித்தது. மெட்ராஸுக்குப் போக வேண்டிய தோல் கட்டுகளுக்கு நடுவே யாரோ ஒரு தகர டப்பாவைச் செருகி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு வைத்தது என்று பேச்சு. வெள்ளைக்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டு தூக்கிய முனிரத்தினம் செத்துப்போனான். அவனுடைய மூன்று பிள்ளைகளும் ஹலீமா பீ கையில் பிறந்தவர்கள். கடைசிக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கூலிக்காரனைக் கொன்றுதான் சுதந்திரம் வாங்க வேண்டுமா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஹலீமா பீக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் அவளைத் தேடி வந்தார். இன்னும் இரண்டு டப்பாக்கள் பக்கத்துத் தெருக்களில் ஏதோ ஒரு வீட்டில் இருப்பதாகத் தகவல். மற்ற வீடுகளில் பெண்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தேடி முடித்துவிட்டார்கள். கோஷா வீடுகளில் அது நடக்காது.

“பொம்பளைங்க ரூமுக்குள்ள எங்க ஆளு கால் வெச்சா ஊரே ரெண்டாயிடும். நீங்க போய்ப் பாத்தாதான் உண்டு,” என்றார்.

“நான் புள்ளை எடுக்கறவ. பொட்டி குடையறவ இல்ல.”

“முனிரத்தினத்த அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முறை இதுதான். வீட்டு ஆண்களும் இரண்டு சாட்சிகளும் கூடத்தில் நிற்பார்கள். திரைக்கு உள்ளே ஹலீமா பீ பெட்டிகளைத் திறந்து, கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல வேண்டும். கான்ஸ்டபிள் எழுதிக்கொள்வார். கடைசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஒன்றையும் விடக் கூடாது, நாளைக்குக் கோர்ட்டில் வக்கீல் குடைவான் என்று சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாவது வீடு முக்தார் அகமதுவுடையது. அவன் மனைவி அக்தரி பேகம் சுவரோரம் நின்றாள். அதற்குள் ஹலீமா பீயின் வாய் பழகிப்போயிருந்தது. கண் பார்த்ததை நாக்கு சொல்லிக்கொண்டே போனது. கட்டிலுக்கு அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது.

“கட்டிலுக்கு அடியில மூட்டை ஒண்ணு. சேலை ரெண்டு. புர்கா ஒண்ணு. கொழந்தை சட்டை நாலு. வறுத்த கடலை ஒரு பை.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது வீட்டை விட்டுப் போவதற்காகக் கட்டிய மூட்டை. முக்தாரின் கை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அக்தரியின் முதுகில் எத்தனையோ முறை அவளே எண்ணெய் தடவியிருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டபிள் அதையும் எழுதி முடித்தார். பிறகு முக்தாரின் குரல் கேட்டது.

“மூட்டையா? எந்த மூட்டை?”

மறுநாளே அவன் குழந்தையைப் பேரணாம்பட்டிலிருந்த தன் தாயிடம் அனுப்பிவிட்டான். குழந்தை அங்கே இருக்கிறவரை அக்தரி எங்கும் போக மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். போலீசுக்கு அந்த வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். கொளுத்தியது தன் நாக்கு என்று ஹலீமா பீ வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

இனிமேல் வர மாட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. “நீங்க வராட்டி நாங்களே உள்ள போவோம். அது உங்க இஷ்டம்,” என்றார். பூட்ஸ் காலோடு அவர்கள் அந்த அறைகளில் நடப்பதை நினைத்துப் பார்த்தாள். மறுபடியும் கிளம்பினாள்.

கடைசி வீடு அவள் தெருவிலேயே இருந்த நசீர் அகமதுவின் வீடு. தோல் வாங்க ஊர் ஊராகப் போகிறவன். அவன் மனைவி வஹீதாவுக்கு ஏழு மாதம், தலைப் பிரசவம். அவளுடைய பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு சின்னத் தகரப் பெட்டி பூட்டிக் கிடந்தது.

“காலா, அது மட்டும் வாணாம்,” என்றாள் வஹீதா, திரைக்குக் கேட்காத குரலில்.

ஹலீமா பீ பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கனமாக இருந்தது. முனிரத்தினமும் நினைவுக்கு வந்தான், அக்தரியும் வந்தாள். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துச் சேலையால் மூடினாள்.

“சேலை, துணிமணி. அவ்ளோதான்.”

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயில் வரும் நேரமானால் வாசலில் வந்து நிற்பாள். அது ஊரைத் தாண்டிப் போன பிறகே உள்ளே போவாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். முனிரத்தினத்தின் மனைவி எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினாள். அவ்வளவு சின்னப் பெட்டியில் என்ன இருந்துவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முனிரத்தினத்தைக் கொன்ற டப்பா மட்டும் எவ்வளவு பெரிது என்று அவளே கேட்பாள். நசீர் நல்ல பையன், அவன் பிறந்தபோது தொப்புள் கொடி அறுத்ததே நான்தானே என்பாள். குண்டு வைக்கிறவனுக்கும் யாரோ அறுத்துத்தானே இருப்பார்கள் என்று தோன்றும். பதினோரு நாள் இப்படியே போனது. மற்ற டப்பாக்கள் கிடைத்ததாகவும் சேதி இல்லை.

பன்னிரண்டாம் நாள் தனியாக வஹீதா வீட்டுக்குப் போனாள். வயிறு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வஹீதா பாய் விரித்தாள்.

“அந்தப் பொட்டியத் தொறந்து காட்டும்மா. நான் மட்டும் பாத்துட்டுப் போறேன்.”

“அன்னைக்கு விட்டுட்டீங்களே, காலா.”

“விட்டுட்டுத்தான் செத்துக்கினு இருக்கேன். ரயில் சத்தம் கேட்டா நெஞ்சு நின்னுபோவுது.”

“எங்க மேல சந்தேகமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஹலீமா பீக்குப் பொய் வரவில்லை.

வஹீதா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பாயில் வைத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டிக்குள் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போட்டோ இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேலூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. வஹீதா தலையில் முக்காடு இல்லாமல், பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்நிய ஆண் ஒருவன் முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். நசீர் பார்த்தால் என்ன நடக்கும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஹலீமா பீக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“அல்லா மேல ஆணை, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“தெரியும், நீங்க சொல்ல மாட்டீங்க.” வஹீதா பெட்டியைப் பூட்டினாள். “இந்த வூட்ல எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான், காலா. இப்ப இதையும் நீங்க பாத்துட்டீங்க.”

அன்று சாயங்காலம் ரயில் வந்தது, போனது. ஹலீமா பீ வாசலுக்கு வரவில்லை. போர்த்திக்கொண்டு அசந்து தூங்கினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முனிரத்தினத்தின் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் வேறு என்ன செய்வாள்? வஹீதாவையும் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், வஹீதாவுக்கு வலி கண்டுவிட்டது என்று தெருவில் பேச்சு வந்தது. ஹலீமா பீ கத்தி, நூல், விளக்கெண்ணெய் எல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். ஸ்டேஷன் பக்கமிருந்து நசீர் வீட்டு வண்டி வந்தது. அவள் ஒரு காலைத் தெருவில் வைத்தாள். வண்டி நிற்காமல் போனது. உள்ளே குடியாத்தத்திலிருந்து வரவழைத்த மருத்துவச்சி உட்கார்ந்திருந்தாள்.

ஹலீமா பீ பையைக் கீழே வைக்கவில்லை. உச்சி வெயில் ஏறியபோது அந்த வீட்டிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆணா பெண்ணா என்று அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை.