பொய் சொல்லும் டிடெக்டர்

எங்கள் வீட்டில் எழுத்து உள்ள எதையும் நான் வாசித்த பிறகுதான் நம்புவார்கள். மாத்திரை அட்டையின் தேதி, கேஸ் சிலிண்டர் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் என் கைக்கு வரும். அப்பா கொத்தனார், அம்மா தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். இருவருக்கும் தமிழும் மலையாளமும் பேச வரும், வாசிக்க வராது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, வாடகைக் காகிதம் என்று வீட்டுக்காரர் நீட்டியதில் அப்பா கைநாட்டு வைத்தார். மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்வதாக அதில் எழுதியிருந்தது. பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நின்றோம். அதற்குப் பிறகு எந்தக் காகிதமானாலும் அப்பா என்னிடம் நீட்டி, “வாசி” என்பார். வாசிப்பேன். தலையாட்டிவிட்டு நம்புவார்.

“எம் மகளை ஒருத்தனும் ஏமாத்த முடியாது” என்று அவர் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். இப்போது கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். சரியாக இருக்கிறது என்று பிறர் அனுப்புவதில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மெட்டல் டிடெக்டர் ஆசை வேளிக் கடற்கரையில் வந்தது. காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர், நீண்ட தண்டின் முனையில் வட்டமான தட்டோடு மணலைத் தடவிக்கொண்டே போனார். நின்றார், தோண்டினார், துருப்பிடித்த சாவி ஒன்றை எடுத்துத் தனக்குள் சிரித்தார். எந்த உபயோகமும் இல்லாத ஒரு சந்தோஷம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒன்று வாய்த்ததில்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது.

“தங்கம் கெடைக்குமா?” என்று கேட்டார் அப்பா.

“கெடைக்காதுப்பா. பழைய காசு, சாவி, சோடா மூடி.”

“சோடா மூடி பெறக்கவா இவ்வளவு படிச்ச?”

“சும்மா இருங்க,” என்றாள் அம்மா. “ஏட்டி, உண்மையச் சொல்லு. எவனாவது ஆசை காட்டுதானா?”

எவனும் ஆசை காட்டவில்லை என்று அவளை நம்பவைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் நான் மாடல்களைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். படிக்கப் படிக்க யாரையும் நம்ப முடியவில்லை. வீடியோவில் புகழ்கிறவர்களுக்குக் கருவி இலவசமாக வந்திருக்கும். தம்பானூர் பக்கம் ஒரு கடைக்காரர், பத்தடி ஆழத்துத் தங்கத்தையும் காட்டும் என்று சத்தியம் செய்தார். எந்த அலைவரிசையில் வேலை செய்யும் என்று கேட்டேன். “எல்லாத்திலும்,” என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்குக் கண்ணைக் காட்டி, “ஏது அம்பலத்தின்றெ அடியிலா மோளு குழிக்கான் போகுந்நது?” என்று சிரித்தார். கோயிலுக்கு அடியில் தோண்டப் போகிறவளாம் நான். வெளியே வந்துவிட்டேன்.

பிறகு இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கேதான் ஒரு சார் கிடைத்தார். பல வருடம் கல்ஃபில் தமிழர்களோடு வேலை பார்த்தவர், வீடு வேளிக்குப் பக்கத்தில். முட்டி வலியால் இனி மணலில் நடக்க முடியாது என்று, தாம் பயன்படுத்திய இரண்டு டிடெக்டர்களையும் விற்கப்போவதாக எழுதியிருந்தார். ஒன்று மஞ்சள்: ஒரே அலைவரிசை, தொடக்கக்காரர்களுக்கானது. மற்றது கறுப்பு: பல அலைவரிசை, ஈர மணலிலும் ஆழமாகப் பார்க்கும். விலை வித்தியாசம் அதிகமில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. நல்லதை ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுக்க வேண்டும்? கொல்லத்தில் ஒருவர் கறுப்பைக் கேட்டிருக்கிறாராம், ஆனால் நான் முதலில் எழுதியதால் தேர்வு எனக்கு என்றார். அவசரப்படுத்துவதற்கு விற்பவர்கள் எல்லோரும் சொல்வதுதானே இது.

ஒரு ஞாயிறு காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நோட்டில் பன்னிரண்டு சோதனைகள் எழுதி வைத்திருந்தேன். சார் வீட்டை ஒட்டிய கடற்கரையில், மழைக்காலம் ஒதுக்கிவிட்டுப்போன கறுப்பு மணல் பட்டை பட்டையாகக் கிடந்தது. அந்த மணலில் உள்ள தாது மட்டமான கருவிகளைக் கத்தவைக்கும் என்று படித்திருந்தேன். அதனால் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தேன். அப்பா கொத்துக் கரண்டியால் குழி தோண்டி, இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள், ஆணி, சோடா மூடி எல்லாவற்றையும் நான் சொன்ன ஆழங்களில் புதைத்தார். சார் தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினேன்.

மஞ்சள் மேலாக இருந்த நாணயத்தைப் பிடித்தது. ஒரு சாண் ஆழத்தில் இருந்ததை விட்டுவிட்டது. மற்றபடி அமைதியாக இருந்தது.

கறுப்பு ஆழத்து நாணயத்தையும் பிடித்தது. ஆனால் ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்தியது. இரண்டு அடி வைத்தால் ஒரு கத்தல். என்ன உலோகம் என்று திரையில் காட்டும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்பா ஆறு இடத்தில் தோண்டினார். ஆறிலும் மணல்.

“கிரவுண்ட் பேலன்ஸ் செய்தோ?” என்று சார் அங்கிருந்தே கேட்டார். மணலின் தாதுவுக்கு ஏற்பக் கருவியைப் பழக்குவது அது.

“ரெண்டு தடவை செஞ்சேன் சார். மேனுவல் முழுசும் படிச்சிருக்கேன்.”

“சென்சிட்டிவிட்டி கொறச்சு தாழ்த்தி நோக்கு.”

தாழ்த்தினால் எந்தக் கருவியும் வாயை மூடும். குறையை மறைக்கச் சொல்லித் தருகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நொண்டி நொண்டி வந்து, கறுப்பைத் தாமே வாங்கி நாலு எட்டு நடந்தார். கருவி மூச்சு விடவில்லை. என் கைக்கு வந்ததும் மறுபடி கத்தியது. அந்த இடத்தில் என் சந்தேகம் முடிவாகிவிட்டது. ஏதோ ஒரு பொத்தானை எனக்குத் தெரியாமல் அழுத்தியிருக்கிறார்.

“இதுக்குள்ள தண்ணி ஏறியிருக்கு சார். அதை மறைச்சு விக்கப் பாக்குறீங்க.”

“ஞானா? நானா மறைக்குந்நது?” என்றார். கறுப்பை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார். “சரி. மஞ்ஞ எடுத்தோ மோளே.”

மஞ்சளுக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எப்படிப் புடிச்ச பாத்தியா! அந்த ஆளு மொகம் செத்துப் போச்சு.” அன்று மாலையே குழுவில் எழுதினேன்: ‘அந்தக் கறுப்பு டிடெக்டர் பொய் சொல்கிறது. சோதித்துப் பார்த்தேன். வாங்குபவர்கள் எச்சரிக்கை.’ கொல்லத்துக்காரர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். சார் ஒன்றும் எழுதவில்லை. பதில் இல்லாததையும் நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அப்பா வேலை செய்யும் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர் வரைக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரம் மஞ்சளோடு நடந்தேன். சோடா மூடிகள், ஒரு பெல்ட் கொக்கி, இரண்டு நாணயங்கள். இன்னும் ஆழம் கிடைக்குமா என்று ஒரு காலை சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றினேன். நின்ற இடத்தில் கருவி கத்தியது. குனிந்து தோண்டப் போனவள், தட்டு என் வலது காலை ஒட்டி இருப்பதைப் பார்த்தேன். காலை எடுத்தேன். அமைதி. வைத்தேன். கத்தல்.

பேன்ட் விளிம்பைத் தூக்கினேன். கொலுசு. பத்தாம் வகுப்பில் தேறியபோது அம்மா போட்டுவிட்ட வெள்ளிக் கொலுசு. ஆபீசுக்குச் சத்தம் வேண்டாம் என்று முத்துகளை எடுத்துவிட்டதால், அது காலில் கிடப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று மஞ்சளுக்கு எட்டாதது கறுப்புக்கு எட்டியிருக்கிறது; அது கூர்மையானது. வலது காலை முன்வைத்தபோதெல்லாம் அதில் இருந்த வெள்ளியைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. நான் மணலைத் தோண்டச் சொன்னேன்.

அப்படியே சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே சொல்லி முடித்தேன்.

“ஓ,” என்றார். “இப்போ ஆரும் வாங்கான் இல்லா. வில குறையும். அல்லே?”

“அதுக்கு வரல சார்.”

“பின்னே எதுக்கு வந்து?”

“மன்னிப்புக் கேக்க.”

“மன்னிப்பு இங்கே வாசல்ல கேட்டா போதும், அல்லே? பொய்க்காரன்னு சொன்னது எல்லாரும் கேக்க. கொள்ளாம், நல்ல நியாயம்.”

கொலுசைக் கழற்றிவிட்டு நடந்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். நான் எந்த வார்த்தை சொன்னாலும் அது விலை பேசுவது போலவே அவருக்குக் கேட்கும் என்று புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுத உட்கார்ந்தேன். முதலில் ‘சோதனைச் சூழலில் ஏற்பட்ட தவறு’ என்று வந்தது. அழித்தேன். ‘எங்களுக்கு நேர்ந்த பிழை’ என்று அப்பாவையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: ‘கறுப்பு டிடெக்டரில் ஒரு குறையும் இல்லை. நான் கொலுசு போட்டுக்கொண்டு சோதித்தேன். அவர் சொன்னதைக் கேட்காமல், மறைத்து விற்கிறார் என்று அவர் மீது பொய்ப் பழி போட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.’ உடனே யாரோ சிரிக்கும் முகம் ஒன்று போட்டார்கள். அடுத்தது. பிறகு வரிசையாக.

போன் ஓயாமல் சிணுங்குவதைக் கேட்டுக்கொண்டே அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார்.

“என்ன, அந்தக் கள்ளன் விஷயமா? என்ன எழுதியிருக்கு? வாசி.”

திரையில் மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தியும் மேலே தள்ளினால் இருந்தது. அதையே வாசித்திருக்கலாம். எதை வாசித்தாலும் அவருக்கு அது அதில் எழுதியிருப்பதுதான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வாசித்தேன். ‘பொய்ப் பழி’ என்ற இடத்தை அவசரமாகக் கடந்துவிட்டேன். நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

அப்பா துண்டால் காதைத் துடைத்தார். என் காலைப் பார்த்தார். நாளைக்குக் கட்டடத்தில் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துகள் இருந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார். “எதையும் விட்டுட்டு வாசிக்கலியே?”

“இல்லப்பா.”

அவர் தலையாட்டவில்லை. போனைத் திருப்பிப் பிடித்து அம்மாவிடம் நீட்டினார். அவளும் வெகுநேரம் பார்த்தாள்.