மூச்சில் மடங்கும் கை

அந்த நாட்களில் என் வலக்கை என்னுடையதாக இல்லை. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி என் மடியில் வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடக்கும். குலசேகரம் பக்கத்தில் மழை ரோட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் தோளில்தான் அடி. எலும்பு ஒன்றும் முறியவில்லை. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு வேரோடு இழுபட்டுவிட்டது என்றார்கள். விரல்கள் அசையும், முழங்கை மடங்காது. இடக்கையில் ஸ்பூனைப் பிடித்துத் தின்றேன். என் வீட்டுக்காரி எதிரே உட்கார்ந்திருந்தால் தலை நிமிர மாட்டேன். வலக்கையால் ஒரு வாய் சோறு, அவ்வளவுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

நெஞ்சுக்கூட்டில் மூச்சுக்கு உதவும் நரம்புகளில் சிலதை எடுத்துக் கை நரம்போடு சேர்த்துத் தைக்கலாம் என்றார் டாக்டர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

"மூச்சு நரம்ப எடுத்தா, தூங்கும்போ மூச்சு நின்னுராதா சார்?"

"நெஞ்சில அது நிறைய இருக்கு. பயப்படாதீங்க."

இருக்கிற மிச்சத்துக்கும் சேர்த்துப் பயந்தேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின், தும்மினால் தையல் விட்டுவிடும் என்று தோன்றும். அடுப்பில் மிளகாய் வறுபடும் மணம் வந்தாலே முற்றத்துக்கு இறங்கிவிடுவேன். நரம்பு மெல்லத்தான் வளரும் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானத் தூக்கத்தில் அதை நான் பார்ப்பேன். நல்லமிளகுக் கொடி மாதிரிப் பச்சையாக, விலா எலும்பிலிருந்து கைப்பக்கம் தடவித் தடவிப் போகும். சில நாள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கும். வழி தெரியாமல் போய்விட்டதோ என்று பதறி விழித்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தந்த பெண் சொன்னது இதுதான்: "மூச்ச உள்ள இழுங்க. இழுக்கும்போதே கைய மடக்கப் பாருங்க." காலையும் மாலையும் செய்தேன். மாதங்கள் போயின. கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஒருநாள் வீட்டுக்காரியின் அண்ணன் தன் ஆட்டோவில் என்னைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனான். முன்பு என்னோடு ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவன். அருவிக்குள் அவன் என்னைத் தாங்கிப் பிடித்து நிறுத்தினான். குளிர்ந்த நீர் நெஞ்சில் அறைந்ததும் மூச்சு தானாக உள்ளே ஏறியது. தண்ணீரின் வெள்ளைக்குள் எங்கோ, என் வலக்கை மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது.

"அளியா, பாத்தியரா?" என்று கத்தினான் மச்சான்.

"குளுருல நடுங்கியிருக்கும்" என்றேன்.

"அப்பம் எடது கை ஏன் நடுங்கல்ல?"

ஒருவேளை தையல்தான் அறுந்து துள்ளியதோ என்று எனக்கு வேறு கவலை.

பாறையில் உட்கார்ந்து, வீட்டில் செய்யும் பயிற்சியைச் செய்துகாட்டச் சொன்னான். செய்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்து சிரித்துவிட்டான்.

"என்ன அளியா, மரத்துல கத்தி வைக்கப் போறீரா? மூச்ச அடக்கிட்டு இருக்கியரு."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பால் வெட்டுகிறபோது மூச்சை இழுத்து, நிறுத்தி, பிறகுதான் நான் கத்தியை ஓட்டுவேன். பட்டை மட்டும் சீவ வேண்டும். மூச்சு ஆடினால் கத்தி ஆடும், ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். அவனும் அப்படித்தான். கைக்கு நுணுக்கமான வேலை என்றதும் என் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்கிறது. மூச்சை இழுத்து, நிறுத்திவிட்டு, அதன்பிறகே கையை மடங்கச் சொல்லியிருக்கிறேன், இத்தனை மாதமும்.

"அது மூச்சு விட்டுப் பழகுன நரம்புல்லா? மூச்சயும் நிறுத்திப்போட்டு வேல செய்யச் சொன்னா அது என்ன செய்யும், பாவம்" என்றான்.

கண்ணை மூடி, அருவி இன்னும் நெஞ்சில் விழுவதாக நினைத்துக்கொண்டேன். நிறுத்தாமல் இழுத்தேன். வலக்கையில், தோலுக்கடியில் ஏதோ புரண்டு இறுகியது. முழங்கை மடங்கவில்லை. ஆனால் யாரோ உள்ளே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை. "மூச்சு விடும்போதெல்லாம் கை மேல வந்தா, ஓடும்போ என்ன செய்யியது?"

"எங்க ஓடப் போறிய?" என்றாள் வீட்டுக்காரி, மீன் கழுவிக்கொண்டே.

அதற்குப் பிறகும் பல மாதங்கள். கை ஒரு விரலளவு எழும், விழும். திண்டில் சாய்ந்து மூச்சு விட்டபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கரையில் கட்டிய வள்ளம் அலைக்கு ஏறி இறங்குவது போலிருக்கும்.

ஒரு மத்தியானம் அவள் கிண்ணத்துச் சோற்றில் சாளை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு சின்ன உருண்டையை என் வலது விரல்களுக்குள் வைத்தாள். ஸ்பூனை எடுத்து அப்பால் வைத்துவிட்டாள்.

"மணம் எப்பிடி இருக்குன்னு பாருங்க."

புளியும் அரைத்த தேங்காயுமாக ஆவி வந்தது. ஆழமாக இழுத்தேன். கை மெல்ல மடங்கிக் கிண்ணத்தைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, தாடைக்குக் கீழே வந்து நின்றது. அதற்குமேல் வரவில்லை.

மிச்ச தூரத்துக்கு நான் குனிந்தேன்.